டார்ட்டியா பிரஸ் வாங்கும் முன்: சேலத்து அடுப்படியிலிருந்து சில குறிப்புகள்

சப்பாத்தி தேய்த்துத் தேய்த்துக் கை கடுக்கிறது, மாவு உருண்டையை அமுக்கி வட்டமாக்குகிற வார்ப்பிரும்பு டார்ட்டியா பிரஸ் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். சப்பாத்திக்கு என்றால் வேண்டாம் என்பதுதான் என் பதில். கோதுமை மாவில் குளூட்டன் என்கிற இழுவைப் புரதம் இருக்கிறது. அமுக்கினால் விரியும், மூடியைத் தூக்கிய உடனே சுருங்கிக்கொண்டு, தடித்து, உள்ளங்கை அளவில் வந்து நிற்கும். எண்ணெய் தடவிச் சின்னப் பூரி அமுக்கலாம், அதோடு சரி. அதற்காக மூன்று நான்கு கிலோ இரும்பைச் சமையல் மேடையில் ஏற்றி வைப்பது வீண்.

இந்தப் பிரஸ் மக்காச்சோள மாவுக்கென்றே பிறந்தது. டார்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டி மெக்சிகோவில் தினப்படிச் சாப்பாடு. அதற்கான மக்காச்சோள மாவில் குளூட்டன் கிடையாது. அமுக்கின இடத்தில் அப்படியே கிடக்கும், சுருங்காது. ஆனால் கட்டையால் தேய்க்கப் போனால் பிய்ந்துவிடும். அதனால்தான் அங்கே பெண்கள் காலங்காலமாக இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தட்டினார்கள். பிரஸ் அந்தக் கை வேலையைத்தான் செய்கிறது. அரிசி மாவு, ராகி, கம்பு, வெள்ளைச் சோளம் எல்லாமே இந்தக் குணம் உள்ளவைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் வீடுகளில் இதற்கு வேலை நிறையவே உண்டு.

பொருள் ரொம்ப எளிமையானது. இரண்டு வட்டத் தகடு, ஒரு பக்கம் கீல், எதிர்ப் பக்கம் மேலே மடங்கி வரும் கைப்பிடி. அலுமினியத்தில் கிடைக்கிறது, மரத்தில் கிடைக்கிறது, வார்ப்பிரும்பில் கிடைக்கிறது. அலுமினியம் லேசானது, கைப்பிடியை அழுத்தினால் பிரஸ்ஸே மேடையில் நகரும், நாள்பட்டால் கைப்பிடி வளையும். மரத்தில் நன்றாகச் செய்தது அருமையாக இருக்கும், ஆனால் விலையும் இடமும் அதிகம். இரும்பின் லாபமே எடைதான். பாதி வேலையை மேல் தகட்டின் கனமே செய்துவிடும். 8 அங்குல அளவு வீட்டுக்குப் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பு இல்லை. மூடிய நிலையில் இரண்டு தகட்டுக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துச் சுற்றிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாள் இறுக்கமாகவும் மறுபக்கம் தாராளமாகவும் வந்தால் அந்தப் பக்கம் டார்ட்டியா தடிக்கும். கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று மேல் தகட்டை இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். எனக்கு ஆன்லைனில் வந்து சேர்ந்தது இந்த இரண்டிலுமே மோசம். திருப்பி அனுப்பக் கூரியர் செலவைக் கேட்டபோது, உள்ளூரிலேயே சரி பண்ணிக்கொள்வது மேல் என்று தோன்றியது.

சேலத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம்! எங்கள் தெரு முனைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்கக்கா இது, ஜூஸ் பிழியறதா?" என்றார். ரொட்டி அமுக்குவது என்றதும் சிரித்தார். கீல் கம்பியைக் கழற்றி, ஓட்டை அகன்றிருந்த பக்கம் ஒரு வாஷர் போட்டு, கொஞ்சம் தடித்த கம்பியாக மாற்றிக் கொடுத்தார். தகட்டில் மேடாக இருந்த ஒரு இடத்தை மட்டும் தேய்த்துச் சமமாக்கினார். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் நேராகிவிடாதா என்று கேட்டேன். "வார்ப்புங்கக்கா. வளையாது, உடையும்" என்றார். இது நினைவில் வைக்க வேண்டிய விஷயம். வார்ப்பிரும்பைக் கீழே போட்டாலும் சரி, கைப்பிடியில் ஆள் எடையை ஏற்றினாலும் சரி, விரிசல்தான் விடும். கஞ்சமலை முழுக்க இரும்புக்கல்லை வைத்துக்கொண்டிருக்கிற ஊர்க்காரி, எங்கிருந்தோ வந்த இரும்பை நேராக்க அலைந்தது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

தகடுகள் முழுசாகச் சேராமல் மெல்லிய இடைவெளி விட்டால் பட்டறைக்குக்கூடப் போக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வட்டமாக வெட்டிக் கீழ்த் தகட்டில் போட்டு, அதன் மேல், மாவு ஒட்டாமலிருக்கப் போடுகிற பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டால் போதும். இன்னும் மெல்லியதாக வேண்டும் என்றால் இன்னொரு அட்டை.

துரு பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். தோசைக்கல்லைப் பழக்குவது போல இதைப் பழக்க வேண்டிய அவசியமில்லை. மாவு இரும்பைத் தொடுவதே இல்லை, நடுவில் தாள் இருக்கிறது. எண்ணெய்ப் பூச்சு துருவைத் தடுக்க மட்டும்தான். கழுவாமல், ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, விரலில் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் தடவி வைத்தால் சேலத்து வெயிலில் ஒன்றும் ஆகாது. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டு தூசி சேரும். ஏற்காட்டுக் கதை வேறு. நாத்தனார் வீட்டில் மழைக்காலத்தில் பிரஸ்ஸைக் கொஞ்ச நாள் விட்டு வைத்திருந்தேன். மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊர் அது. திரும்ப எடுத்தபோது கீல் பக்கம் முழுக்கச் செம்மண் நிறம். கம்பி நாரால் தேய்த்து, அடுப்புப் பக்கத்தில் வைத்து நன்றாகக் காய வைத்து, எண்ணெய் தடவியதும் சரியாகிவிட்டது. மலையில் இருப்பவர்கள் இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து மூடுங்கள். வெள்ளிப் பூச்சோ பெயின்டோ அடித்து வந்த பிரஸ்ஸை மட்டும் நெருப்பில் காட்ட வேண்டாம்.

சரி, பிரஸ் இவ்வளவுதான். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. டார்ட்டியா நன்றாக வருவதும் வராததும் மாவில்தான் இருக்கிறது, இரும்பில் இல்லை. கடையில் கிடைக்கிற சாதாரண மக்காச்சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து அமுக்கினால், எத்தனை ஆயிரம் ரூபாய் பிரஸ்ஸாக இருந்தாலும் ஓரமெல்லாம் வெடித்து, தாளிலிருந்து எடுக்கும்போதே துண்டு துண்டாகும். மெக்சிகோக்காரர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, ஊற வைத்து, ஈரமாகவே அரைக்கிறார்கள். அப்படிப் பக்குவப்படுத்திய சோளத்துக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். சுண்ணாம்பு சோளத்தின் மேல்தோலைக் கரைத்து இளக வைக்கிறது, மாவுக்குப் பிடிப்பைக் கொடுக்கிறது, அந்தத் தனி மணத்தையும் கொடுக்கிறது.

இதில் ருசியைத் தாண்டிய ஒன்றும் உண்டு. மக்காச்சோளத்தில் இருக்கிற நியாசின், அதாவது பி3 வைட்டமின், நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு அதை விடுவிக்கிறது. சோளத்தைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளமே கதி என்று சாப்பிட்ட ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்தது. பெலக்ரா என்கிற அந்த நோயை 1735இல் ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். குறைவது நியாசின்தான் என்பது 1937இல் எல்வெஜம் என்ற அமெரிக்க விஞ்ஞானி செய்த ஆய்வுக்குப் பிறகுதான் உறுதியானது. சுண்ணாம்பு சேர்த்தே சாப்பிட்ட மெக்சிகோவின் கிராமங்களை இந்த நோய் அப்படி வாட்டவில்லை. வாரம் ஒரு நாள் டார்ட்டியா சாப்பிடுகிற நமக்கு இதனால் பெரிய லாப நஷ்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் கிழவிகளின் அறிவை நினைத்தால் எனக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

சோளம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லிப் பக்கம் மக்காச்சோளம் காடு காடாக விளைகிறது. அதில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. அதே சோளம்தான் நமக்கும் வேண்டும். நன்றாக முற்றி, செடியிலேயே காய்ந்த மணி. சூப்பர் மார்க்கெட் ஸ்வீட் கார்ன் இதற்கு உதவவே உதவாது. ஆனால் தீவனத்துக்கு மூட்டை கட்டி வைத்ததை வாங்காதீர்கள். பூஞ்சை பிடித்திருக்கலாம், பூச்சி மருந்து வைத்திருக்கலாம். தெரிந்த விவசாயியிடம் அறுவடை முடிந்த கையோடு, சாப்பாட்டுக்கு என்று சொல்லி வாங்கி, வீட்டில் ஒரு தடவை வெயிலில் போட்டு எடுத்து வைப்பது நல்லது. தட்டில் பரப்பிப் பார்த்து, கறுத்ததையும் பச்சைப் பூசணம் தெரிவதையும் பொறுக்கி எறியுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். சோளப் பூஞ்சையின் நஞ்சு வேக வைத்தால் முழுசாகப் போய்விடாது.

சுண்ணாம்புக்கு வெற்றிலைக் கடைதான் போக வேண்டிய இடம். வெற்றிலைக்குத் தடவுகிற வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனையோ நிறமோ சேர்க்காதது. வெள்ளையடிக்க விற்கிற சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, எங்கள் ஊரில் வெள்ளையாக இருப்பதெல்லாம் சுண்ணாம்பு இல்லை. ஏற்காட்டு அடிவாரத்தை ஒட்டித் தெரிகிற வெள்ளைக் குன்றுகளை வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அது மேக்னசைட், நாம் வெள்ளைக்கல் என்கிறோம். சமையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கல்லைப் பொடித்துப் போடலாமா என்று ஒரு சொந்தக்காரர் நிஜமாகவே கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

அளவு இதுதான். ஒரு கிலோ சோளத்துக்கு 3 லிட்டர் தண்ணீர். காய்ந்த சுண்ணாம்புத் தூள் என்றால் 10 கிராம். வெற்றிலைச் சுண்ணாம்பில் பாதி தண்ணீர்தானே, அதனால் சுமார் 20 கிராம், மட்டமாக ஒரு மேசைக்கரண்டி. முதலில் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கழுவிய சோளத்தைப் போட வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் மட்டும்தான். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். கரைக்கும்போது கையில் பட்டால் கழுவிவிடலாம். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுப்பில் ஏற்றிய சில நிமிடத்திலேயே சோளம் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். வெளிறிய மஞ்சள், மஞ்சள் கிழங்கு நிறத்துக்கு வந்துவிடும். மணமும் மாறும், ஈரச் சுவரும் வேக வைத்த சோளமும் கலந்த ஒரு வாசனை. கொதி வந்த பிறகு தீயைத் தணித்து முக்கால் மணி நேரம். ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்று வர வேண்டும். நகத்தால் பிளந்து பார்த்தால் சுற்றிலும் வெந்து, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி வேகாமல் இருக்க வேண்டும். அந்தப் புள்ளியும் கரைந்து போகிற அளவுக்கு வேக விட்டால் மாவு பசையாகிவிடும். மூடி வைத்து ராத்திரி முழுக்க ஊறட்டும்.

ஏற்காட்டில் இதே சோளம் இதே அடுப்பில் இன்னும் கால் மணி, இருபது நிமிடம் கூடக் கேட்கும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. நாத்தனார் வீட்டில் பருப்பே குக்கர் இல்லாமல் மசிய மறுக்கும். குக்கரில் சோளத்தைப் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அந்த வெள்ளைப் புள்ளியைத் திறந்து பார்த்து நிறுத்த முடியாது. மலையில் கடிகாரத்தைப் பார்க்காமல் மணியைப் பிளந்து பார்த்துச் செய்வதுதான் சரி.

காலையில் அந்த மஞ்சள் கொழகொழத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுங்கள், செடிக்கு ஊற்ற வேண்டாம். சோளத்தை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, லேசாகக் கசக்கினால் தோல் பெரும்பாலும் போய்விடும். எல்லாத் தோலையும் உரித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். மிச்சம் இருக்கிற கொஞ்சம் தோல்தான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது.

அரைப்பதில்தான் நம் வீடுகளுக்கு அதிர்ஷ்டம். மெக்சிகோவில் சோளம் அரைக்கிற மெட்டாடே என்கிற கல்லைப் படத்தில் பார்த்தால் நம் அம்மியும் குழவியும்தான். அதற்கு மூன்று கால் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நாலு பேருக்கு என்றால் அம்மியில் அரைத்த மாவை மிஞ்ச ஒன்றும் இல்லை, தோள்பட்டை தாங்கினால். கிரைண்டரில் போட்டால் நன்றாக அரைபடும், ஆனால் கல் சுற்றுவதற்கே தண்ணீர் கேட்கும், மாவு இளகிவிடும். இளகின மாவில் கொஞ்சம் உலர்ந்த மக்காச்சோள மாவைத் தூவிப் பிசைந்து சரிக்கட்டலாம். மிக்ஸி என்றால் கைப்பிடி கைப்பிடியாக, விட்டு விட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஜார் சூடானால் நிறுத்திவிடுங்கள்.

அதிகமாக வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அலசிய சோளத்தை வெயிலில் நன்றாகக் காய வைத்து மாவு மில்லில் நைசாக அரைத்து வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் வருகிற மாசா மாவும் ஏறக்குறைய இதுதான். வெந்நீர் விட்டுப் பிசைந்து அரை மணி மூடி வைத்தால் மாவு தயார். ஈரமாக அரைத்த மாவின் மணம் இதில் முக்கால்வாசிதான் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த முக்கால்வாசியே போதும்.

பதம் பிடிபட்டது எனக்குத் தட்டுவடைக்கார அக்காவிடம்தான். பக்கத்துத் தெருவில் வீட்டிலேயே தட்டுவடை போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காயும் சட்னியும் வைத்த தட்டுவடை செட் சாப்பிடாத சாயங்காலம் சேலத்தில் உண்டா? அந்தத் தட்டுவடைகளில் நிறைய இப்படி வீடுகளிலிருந்து போவதுதான். பிரஸ்ஸைப் பார்க்க வரச் சொன்னேன். வந்தவர் பிரஸ்ஸைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. மாவில் ஒரு உருண்டை கிள்ளி, கட்டை விரலால் நடுவில் அமுக்கி, ஓரத்தை உற்றுப் பார்த்தார்.

"ஓரம் வெடிக்குது பாரு கண்ணு. இன்னும் தண்ணி கேக்குது."

இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். மறுபடி கிள்ளினார், மறுபடி அமுக்கினார். இந்த முறை ஓரம் வழவழப்பாக விரிந்தது. உள்ளங்கையில் உருட்டிவிட்டுக் கையைக் காட்டினார். ஈரம் இருந்தது, மாவு ஒட்டியிருக்கவில்லை. "இதான் பக்குவம். இனி நீ இரும்புல அமுக்கினாலும் சரி, சொம்புல அமுக்கினாலும் சரி."

பிறகுதான் பிரஸ் பக்கம் வந்தார். தன் தட்டுவடை மாவையே கொண்டுவரச் சொல்லி அமுக்கிப் பார்த்தார். வட்டம் அச்சு வார்த்தது மாதிரி வந்தது. பொரித்துத் தின்று பார்த்துவிட்டு, "கடலைப்பருப்பு நசுங்கிப் போச்சு, கண்ணு. கைல தட்டுனா பருப்புக்கு இடம் விட்டுத் தட்டுவேன்" என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவர் சொன்னது நியாயம். பருப்பு, கடலை போட்ட மாவை இதில் அமுக்க வேண்டுமென்றால் கைப்பிடியைத் தொடாமல் மேல் தகட்டின் கனத்தை மட்டும் விட வேண்டும்.

அமுக்கும் முறைக்கு வருவோம். தாள் இல்லாமல் முடியாது. ஆவின் பால் கவரைக் கழுவி, மூன்று பக்கம் வெட்டிப் புத்தகம் மாதிரி விரித்துக்கொண்டால் அதைவிடப் பொருத்தமான தாள் கிடையாது. கனம் சரியாக இருக்கிறது, சுருங்குவதில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோதும் பால் கவருக்கு விலக்கு இருந்தது, அதனால் வீட்டில் எப்போதும் இருக்கிறது. அச்சடித்த பக்கம் இரும்பைப் பார்க்க வேண்டும், மாவைப் பார்க்கக் கூடாது. மெல்லிய கவர் என்றால் மடிப்பு விழுந்து டார்ட்டியாவில் கோடு கோடாகப் பதியும். வாழையிலையை அனலில் வாட்டிப் போட்டால் மாவு சுலபமாகக் கழன்று வருகிறது, மணமும் நன்றாக இருக்கிறது. நரம்புகள் பதிந்து, பதிந்த இடம் கிழிகிறது. அரிசி ரொட்டிக்கு இலை, சோளத்துக்குக் கவர் என்று பிரித்துக்கொண்டுவிட்டேன்.

சின்ன எலுமிச்சை அளவு உருண்டை, சுமார் 30 கிராம். அது 15 சென்டிமீட்டர் வட்டத்துக்குப் போதும். மீதி மாவை ஈரத் துணியால் மூடி வைக்க வேண்டும். மே மாதத்துச் சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் திறந்து கிடந்தால் மேலே பொருக்குத் தட்டிவிடும். உருண்டையை நட்டநடுவில் வைக்காமல் கீல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஏனென்றால் தகடு மூடும்போது மாவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். மேல் தாளைப் போட்டு, உள்ளங்கையால் லேசாகத் தட்டையாக்கி, மூடி, கைப்பிடியை நிதானமாக அழுத்தி ஓரிரு நொடி அப்படியே பிடியுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். திறந்து, தாளோடு சேர்த்து அரைவட்டம் திருப்பி, முன்னைவிட லேசாக இன்னொரு அமுக்கு. இந்த இரண்டாவது அமுக்கில்தான் கனம் சமமாகும்.

எடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் தாளை உரித்து மறுபடி அதன் மேலேயே போட்டு, மொத்தமாகக் கவிழ்த்து, இப்போது மேலே வந்திருக்கிற தாளை உரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒருமுறை கழன்றுவிட்டதால் பிய்யாது. பிறகு கையில் கவிழ்த்து, பாதி விரலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி பிடித்து, தொங்குகிற ஓரம் முதலில் கல்லில் படும்படி கையை இழுத்துவிட வேண்டும். மேலிருந்து போட்டால் மடிந்து விழும்.

தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய் தேவையில்லை. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக ஓடி மறைய வேண்டும். முதல் பக்கம் இருபது நொடி, ஓரம் கழன்று நிறம் மாறினதும் திருப்புங்கள். இரண்டாவது பக்கம் ஒரு நிமிடம், அங்கங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை. மறுபடி திருப்பி நடுவில் விரலால் லேசாகத் தொட்டால், எல்லாம் சரியாக இருந்தால் உப்பும். உப்பவில்லை என்றால் பெரும்பாலும் கல் சூடு போதவில்லை, இல்லையென்றால் மாவில் ஈரம் போதவில்லை.

கல்லிலிருந்து எடுத்த உடனே சாப்பிட்டுவிட்டு, வறட்டியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. பருத்தித் துணியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றி, ஹாட்பாக்ஸில் கால் மணி நேரம் மூடி வையுங்கள். உள்ளே இருக்கிற ஆவியே அதை மெத்தென்று ஆக்கிவிடும். இந்தக் கால் மணியைத் தவிர்த்துவிட்டு டார்ட்டியாவைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

சுண்ணாம்பு வேலைக்கெல்லாம் நேரமில்லை என்றால், சாதாரண மக்காச்சோள மாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கரண்டியால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் அழுத்திப் பிசைந்து அமுக்கலாம். சூட்டில் மாவுச்சத்து வெந்து கொஞ்சம் பிடிப்பு வரும். அது சோள ரொட்டி. டார்ட்டியாவின் மணம் வராது, மடித்தால் வெடிக்கும். குழம்பு ஊற்றிப் பிய்த்துச் சாப்பிட நன்றாகவே இருக்கும்.

எங்கள் வீட்டில் பிரஸ் அதிகமாக உழைப்பது உண்மையில் வேறு இடத்தில். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டைச் செப்பு பிடிக்க அத்தைக்கு விரல் வலி. வெந்நீரில் கிளறிய அரிசி மாவை எண்ணெய் தடவிய தாளில் மெல்ல அமுக்கிக் கொடுத்தால், பூரணம் வைத்து மடிப்பது மட்டும்தான் அவர் வேலை. ராகி ரொட்டி, கம்பு ரொட்டி, எள்ளடை எல்லாவற்றுக்கும் இதே கதை. முதலில் இடத்தை அடைக்கிறது என்று புலம்பிய அத்தை இப்போது அதை உள்ளே எடுத்து வைக்க விடுவதில்லை.

உள்ளே என்ன வைப்பது என்பதற்கு மெக்சிகோ வரை போக வேண்டாம். ஆடி, ஆவணி வாக்கில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து பட்டர் ஃப்ரூட் இறங்கி வரும். அதை மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு. தட்டப்பயறு வேக வைத்து, பூண்டும் வரமிளகாயும் போட்டுத் தாளித்து அரைகுறையாக மசித்தால், அங்கே அவர்கள் வைக்கிற பீன்ஸ் மசியலுக்கு நல்ல மாற்று. நாட்டுக்கோழி வறுவல் என்றால் மசாலா கெட்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடி நனைந்து கிழியும். பிள்ளைகளுக்குப் பிடித்தது தட்டுவடை செட்டில் வைக்கிற சமாச்சாரம்தான்: துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னி. மேலே ஒரு தட்டுவடையை நொறுக்கித் தூவினால் தட்டு காலி.

மாவு மிஞ்சினால் சேலத்து வெயிலில் வெளியே வைக்காதீர்கள், சாயங்காலத்துக்குள் புளிக்கும். ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். எடுத்துத் தண்ணீர் தெளித்து மறுபடி பிசைய வேண்டும், கிள்ளி அமுக்கி ஓரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். சுட்ட டார்ட்டியா மிஞ்சினால் மறுநாள் அது விறைத்துவிடும். திரும்பச் சூடு பண்ணும்போது ஈரக் கையால் ஒரு தடவு தடவிக் கல்லில் போடுங்கள். அதற்கும் மசியாதது என்றால் முக்கோணமாக வெட்டி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, கடலை எண்ணெயில் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவிவிடுங்கள். புதிதாகச் சுட்டதைப் பொரித்தால் எண்ணெய் குடிக்கும். பழையதுதான் மொறுமொறுப்பாக வரும்.